காலம் போனால் காலும் போகும்

உழைத்துண்ணும் மனிதனுக்குக் கையும் காலுமே முதல். மேசையிலிருந்து எழுதும் உத்தியோகத்தனுக்கும், மண்ணிலிருந்து விளைவிக்கும் கமக்காரனுக்கும் இது பொதுவான உண்மையே எனினும், கமக்காரன் திறத்தில் இதன் கடுமை பன்மடங்கு பெரிது. உத்தியோகத்தன் ஒரு காலை இழந்தாலும் நாற்காலியில் அமர்ந்து தன் கடமையைச் செய்தல் கூடும். முழங்கால் ஆழச் சேற்றில் இறங்கி நாற்று நடவேண்டியவன், வரம்பிலே நீர் பாய்ச்ச நடுச்சாமத்தில் நடக்கவேண்டியவன், பனையேறிப் பிழைக்கவேண்டியவன் ஆகியோரின் கால் போனால், போவது ஒரு போகம் அன்று. எல்லாப் போகமும் போய்விடும்.

உழவு இயந்திரத்தின் இரும்புக் கலப்பையும், சூடடிக்கும் இயந்திரமும், றோட்டிலே விரையும் லொறியும் மனிதனின் காலை நசுக்கும்போது, சுற்றி நிற்போர் கேட்கும் முதற் கேள்வி, “எலும்பு முறிந்துவிட்டதா?” என்பதே. கேள்வி இயல்பானதுதான், ஆனால் போதியதன்று. முறிந்த என்பைப் பொருத்துவதற்கு வழிகள் பல உள. அந்த என்பின் மேலிருந்த தோலும் தசையும் உரிந்துபோய், வெள்ளென்பு வெளியே தெரியுமாயின், பெரும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பல வேளைகளிற் கால் இழக்கப்படுவது என்பு முறிந்த காரணத்தால் அன்று. முறிந்த என்பைப் போர்த்தும் தசை இல்லாமற் போனமையாலும், அந்தப் போர்வையை உரிய காலத்தில் இட்டுக் கொடாமையாலுமே அது இழக்கப்படுகிறது. இந்தப் போர்வையை இடும் வித்தையை இன்றைய சத்திரசிகிச்சை நன்றாகவே அறியும். ஆயினும் வித்தை இருந்தும் நேரம் தவறினால் பயனில்லை. நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றையே.

முதலில், போர்வை ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம். முழங்காலுக்குக் கீழே, காலின் முன்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கெண்டைக்காலிற் சதை திரண்டு நிற்க, முன்புறத்திலோ தோலுக்கு அடுத்தாற்போல் என்பே கையிற் படுகிறது. கணுக்காலை நெருங்க நெருங்கச் சதை அருகி நரம்பும் நாருமே எஞ்சுகின்றன. ஆகவே அங்கே ஒரு சாண் தோல் உரிந்தாலும் என்பு வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்ட என்பு காய்ந்து இறக்கும். இறந்த என்பிலே கிருமிகள் குடியேறும். குடியேறிய கிருமிகள் ஆண்டுக்கணக்கிற் சீழாக வடியும். “தோலை எடுத்து ஒட்டிவிட்டால் என்ன?” என்று கேட்கலாம். மெல்லிய தோலொட்டு தன் கீழேயுள்ள இழையத்திலிருந்து இரத்தத்தை உறிஞ்சியே உயிர் வாழ்வது. மூடுசவ்வு நீங்கிய வெறும் என்பின்மேல் அதனை வைப்பது பாறையின்மேற் புல்லைப் பரப்புவது போலாகும். வேருக்கு ஈரமில்லாத இடத்திற் புல் எவ்வாறு பிழைக்கும்?

எனவே, தன் இரத்த ஓட்டத்தைத் தன்னுடனே கொண்டுவரும் தடித்த இழையமே அங்கு வேண்டும். இதனை மடல் என்பர். முழங்காலுக்கு அண்மையிற் காயமாயின் கெண்டைக்காற் சதையையே திருப்பிப் போர்த்தலாம். காலின் நடுப்பகுதியிலும் அவ்வாறு உதவும் தசையொன்று உண்டு. காலின் கீழ் மூன்றிலொரு பங்கிலோ அவ்வாறு திருப்பத்தக்க தசை அருமை. முன்னாளிலே இதற்கு ஒரு வழி செய்தனர். ஒரு காலின் காயத்தை மறுகாலின் தோலோடு சேர்த்துத் தைத்து, இரு கால்களையும் ஒன்றாகப் பிணைத்து, மூன்று வாரமளவும் நோயாளியை அசையாது கிடத்துவர். தோல் புதிய இடத்திற் பற்றிக்கொண்டபின் வெட்டிப் பிரிப்பர். காயம் சிறிதாயின் இது பலித்தது. பெரிய காயத்துக்கு அது போதாது. பட்ட துன்பமோ பெரிது.

இந்த இடர்ப்பாட்டை நீக்கியது, நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் கலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அலெக்சிஸ் கரேல் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இரத்தக் குழாய்களை இணைக்கும் முறையை வகுத்து, 1912ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் யேக்கப்சன், சுவாரெஸ் என்னும் இருவர் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு மிகச் சிறிய குழாய்களையும் தைக்க முடியும் எனக் காட்டினர். 1963ஆம் ஆண்டு ஷங்ஹாய் நகரிலே, இயந்திரத்தில் அறுபட்டுப்போன ஒரு தொழிலாளியின் கையை சென் சொங்வெய் என்பவரும் அவருடைய குழுவினரும் மீண்டும் பொருத்தி உலகத்தை வியக்கச் செய்தனர். அறுந்த கையைப் பொருத்த முடியுமாயின், உடம்பின் ஓரிடத்துத் தசையை அறுத்து வேறோரிடத்திற் பொருத்தவும் முடியுமன்றோ? 1973ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் டானியல், டெய்லர் என்னும் இருவரும் அதனையே செய்தனர். அடிவயிற்றின் கீழே தொடைச் சந்திலிருந்து எடுத்த தோல்மடலை ஓர் இளைஞனின் கணுக்காலருகே இருந்த காயத்திற்குக் கொண்டுசென்று, அவ்விடத்து இரத்தக் குழாய்களோடு தைத்து உயிர்ப்பித்தனர்.

கமக்காரர்க்கு இம்முறையை விளக்குவது எளிது. ஒரு பாத்திக்குப் பயிர் வாழ வேண்டுமாயின், நீர் வரும் வாய்க்காலும் வேண்டும்; நீர் கழியும் வடிகாலும் வேண்டும். உடம்பின் ஒவ்வொரு துண்டு தசைக்கும் இவ்வாறே, இரத்தம் கொணரும் நாடி ஒன்றும், இரத்தம் மீட்கும் நாளம் ஒன்றும் உண்டு. முதுகின் அகன்ற தசையையோ, தொடையின் வெளிப்புறத்துத் தோலையும் கொழுப்பையுமோ, அவற்றுக்குரிய நாடி நாளங்களுடன் முற்றாகப் பிரித்தெடுப்பர். இவற்றை இழப்பதால் உடம்புக்குப் பெருங் குறை நேர்வதில்லை. முதுகுத் தசையின் வேலையை ஏனைய தசைகள் பெரிதும் ஏற்றுக்கொள்ளும். எடுத்த மடலைக் காலின் காயத்தில் இட்டு, காலில் உள்ள நாடியோடு மடலின் நாடியையும், நாளத்தோடு நாளத்தையும் இணைத்துத் தைப்பர். அக்குழாய்களின் விட்டம் ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரையிலேயே இருக்கும். தைக்கும் நைலோன் நூல் தலைமயிரிலும் மெல்லியது. நூல் முடிந்து கவ்வியைத் தளர்த்தியதும் வெளிறிக் கிடந்த மடல் சிவந்து வருமாயின், வாய்க்கால் திறந்துவிட்டது என்று பொருள். பின்னர் மடல் நீலம்பாரித்து வீங்குமாயின், வடிகால் அடைபட்டது என்று பொருள். நீர் கழியாத வயலிற் பயிர் அழுகுவது போல அதுவும் அழுகிவிடும். தேர்ந்த வைத்திய நிலையங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட மடல்கள் இன்று பிழைக்கின்றன.

இவ்வளவும் கையின் திறமை பற்றியவை. இனிக் காலத்தின் திறமையைக் கூறுவோம்.

அந்நாளில் யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாகவும் இந்நாளிலே தனிநாடாகவும் உள்ள சுலோவேனியா ஒரு சிறிய தேசம். அதன் தலைநகராகிய லியூப்லியானாவில் மார்க்கோ கொடினா என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் பணிபுரிந்தார். கை கால்களிற் கடுங் காயமுற்று இத்தகைய மடல் நடப்பெற்ற 532 நோயாளரின் வரலாறுகளை அவர் தொகுத்து ஆராய்ந்தார். அவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார். காயம்பட்டு 72 மணித்தியாலத்துள் மடல் இடப்பட்டோர் முதற் கூட்டம். அதற்குப் பின் மூன்று மாதத்துள் இடப்பட்டோர் இரண்டாங் கூட்டம். மூன்று மாதமும் கழிந்தபின் இடப்பட்டோர் மூன்றாங் கூட்டம்.

கண்ட முடிவு யாது? முதற் கூட்டத்தில் மடல் இறந்தது நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவும் இல்லை, 0.75 வீதமே. இரண்டாங் கூட்டத்தில் அது 12 வீதம். மூன்றாங் கூட்டத்தில் 9.5 வீதம். கிருமித் தொற்று முதற் கூட்டத்தில் 1.5 வீதம், இரண்டாங் கூட்டத்தில் 17.5 வீதம், மூன்றாவதில் 6 வீதம். என்பு பொருந்துவதற்கு முதற் கூட்டத்தினருக்குச் சராசரி 6.8 மாதம் சென்றது. இரண்டாங் கூட்டத்தினருக்கு 12.3 மாதம், மூன்றாங் கூட்டத்தினருக்கு 29 மாதம். வைத்தியசாலையிற் கிடந்த நாட்களோ முறையே 27, 130, 256. ஒரே வகைச் சத்திரசிகிச்சை, ஒரே வைத்தியசாலை! வேற்றுமை செய்தது நாட்காட்டி. 27 நாளுக்கும் 256 நாளுக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் எத்தனை விதைப்பும் அறுவடையும் அடங்கியிருக்கின்றன என்பதைக் கமக்காரர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

இந்த ஆய்வு 1986ஆம் ஆண்டு அச்சேறியபோது கொடினா உயிருடன் இல்லை. வாகன விபத்துகளில் நொறுங்கிய கால்களைக் காப்பதிலே வாழ்நாளைச் செலவிட்ட அம்மனிதர், அதே ஆண்டிலே வாகன விபத்தொன்றில் மாண்டார். வயது ஐம்பதைத் தொடவில்லை. அவர் விட்டுச் சென்ற பாடம் உலகெங்கும் பரவியது.

காலதாமதம் ஏன் இவ்வளவு கேடு செய்கிறது? காயம் திறந்து கிடக்க, முதலிற் படிந்த கிருமி பெருகுகிறது. வைத்தியசாலைக் கிருமியும் வந்து சேர்கிறது. சுற்றியுள்ள இழையம் வீங்கி இறுகுகிறது. மடலைத் தைக்கவேண்டிய நாளங்களும் அழற்சியுற்றுத் தொட்டாற் கிழியும் தன்மையை அடைகின்றன. ஆகையால், முதல் நாளிலேயே இறந்த இழையம் முழுவதையும் தயவு தாட்சணியமின்றி வெட்டி அகற்றிக் கழுவுதலும், அடுத்த சில நாட்களுள் நல்ல போர்வையை இடுதலுமே நெறி. 72 மணித்தியாலம் என்பது தெய்வ வாக்கன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1990களிற் பரவிய, காயத்தை மூடிக் காற்றை உறிஞ்சும் கருவி சில நாட்களைக் கடனாகத் தருகிறது. ஆயினும் கடன் கடனே. வட்டி ஏறுமுன் அடைக்கவேண்டும்.

பிரித்தானியாவின் நிபுணர் சங்கங்கள் 2017இல் வகுத்த நெறிமுறையைப் பாருங்கள். திறந்த என்பு முறிவுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து இயன்றால் ஒரு மணித்தியாலத்துள் கொடுபட வேண்டும். கடுமையான தாக்கத்தால் நேர்ந்த முறிவாயின் 12 மணித்தியாலத்துள் காயம் வெட்டிச் சுத்திசெய்யப்பட வேண்டும். 72 மணித்தியாலத்துள் இறுதிப் போர்வை இடப்பட வேண்டும். இன்னும் ஒன்று: கமநிலத்து மண்ணும், நீர்நிலைச் சேறும், சாக்கடையும் கலந்த காயமாயின், அதற்குப் பன்னிரண்டு மணித்தியாலத் தவணையும் இல்லை, உடனடியாகவே செய்தல் வேண்டும். வயலில் நேரும் காயமே யாவற்றிலும் அவசரமானது என்று நெறிமுறை கூறுகிறது. ஆனால் நடைமுறையில், வயலிற் காயமுற்றவனே வைத்தியசாலைக்கு யாவரினும் தொலைவில் இருக்கிறான்!

இங்கே சிலர் மறுப்புக் கூறுவர். “இவ்வளவு பாடுபட்டு ஒரு காலைக் காப்பதிலும், அதனை வெட்டிவிட்டுச் செயற்கைக் கால் பொருத்துவது மேலன்றோ? செலவும் குறையுமே!” என்பர். இம்மறுப்பை இகழ்ந்து ஒதுக்குதல் தகாது. அமெரிக்காவிலே கடுமையான கால் காயமுற்ற 569 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002ஆம் ஆண்டு வெளியிட்ட பேராய்வில், இரண்டு ஆண்டின் முடிவிற் கால் காக்கப்பட்டோரும் கால் வெட்டப்பட்டோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர் என்றே கண்டனர். கால் காக்கப்பட்டோர் மீண்டும் மீண்டும் வைத்தியசாலைக்கு வரவேண்டியும் இருந்தது. ஆகவே எல்லாக் காலையும் காத்தே தீரவேண்டும் என்று நாம் வாதாடவில்லை. உயிருக்கே ஊறு செய்யும் காலை வெட்டுவதும் வைத்தியமே.

ஆனால் செலவுக் கணக்கு அவர்கள் நினைப்பது போன்றதன்று. அதே நோயாளரைக் கொண்டு 2007ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கணக்கின்படி, வாழ்நாள் முழுவதற்குமான வைத்தியச் செலவு, கால் வெட்டப்பட்டவருக்கு 509,275 டொலர். கால் காக்கப்பட்டவருக்கு 163,282 டொலர். செயற்கைக் கால் ஒருமுறை வாங்கி முடிவதன்று. தேயும், உடையும், மாற்றவேண்டும். மேலும் அமெரிக்கத் தொழிலாளி நடப்பது சீமெந்துத் தரையில். நம் கமக்காரன் நிற்பது சேற்றில். சேற்றிற் புதையும் செயற்கைக் காலோடு வரம்பு கட்டுவது எத்தகையது என்பதைப் போரினாற் காலிழந்த நம் மக்களைக் கேட்டால் அவர்களே சொல்வர்.

எந்தக் காலைக் காப்பது, எந்தக் காலை விடுவது என்பதற்கும் அளவுகோல் உண்டு. அதனை வகுத்தோரும் தமிழ் நிலத்தவரே. கோயம்புத்தூரில் உள்ள கங்கா மருத்துவமனையில், டொக்டர் எஸ். இராஜசேகரன் தலைமையில் வகுக்கப்பட்ட மதிப்பெண் முறை 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. தோல், என்பு, தசை என்னும் மூன்றின் சேதத்தையும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை அளந்து, நோயாளியின் ஏனைய குறைபாடுகளையும் சேர்த்துக் கூட்டுவர். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் குறைவாயின் காலைக் காக்க முயல்க; 17 அல்லது அதற்கு மேலாயின் வெட்டுதலை எண்ணுக; இடைப்பட்டதாயின் தேர்ந்தோர் தீர்மானிக்க என்பது அதன் சாரம். அங்கே என்பு முறிவு நிபுணரும், டொக்டர் எஸ். இராஜா சபாபதி தலைமையிலான பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரும் தொடக்கத்திலிருந்தே ஒருங்கு சேர்ந்து நோயாளியைப் பார்க்கின்றனர். செல்வம் கொழிக்கும் மேல்நாட்டில் மட்டுமே இது நடக்கும் என்ற சாக்குப்போக்கு இனிச் செல்லாது.

ஆகையால், நாம் கேட்கவேண்டுவன யாவை? வானளாவிய கட்டடங்களை நாம் கேட்கவில்லை. ஒழுங்கைக் கேட்கிறோம். திறந்த முறிவோடு வரும் நோயாளி, சிறு வைத்தியசாலையில் ஒரு நாள், அடுத்ததில் ஒரு வாரம், அதற்கும் அடுத்ததில் ஒரு மாதம் என்று படிப்படியாக ஏறிச் செல்லும் முறை எங்கிருந்தாலும் அது ஒழிய வேண்டும். முதலில் வந்த இடத்தில் மருந்தும் கட்டும் கொடுத்து, அன்றைக்கே நேராகப் போர்வையிடும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புதல் வேண்டும். அங்கே என்பைப் பொருத்துவோரும் தசையை நடுவோரும் முதல் நாளிலேயே ஒன்றாக நின்று திட்டமிடுதல் வேண்டும். என்பைப் பொருத்தியவர் கிழமைகள் கழித்து மற்றவருக்குக் கடிதம் எழுதுவதாற் பயனில்லை. மடல் நட்டபின் வரும் இரண்டு மூன்று இரவுகளும் மணிக்கு மணி அதன் நிறத்தையும் சூட்டையும் பார்க்கும் தாதியர் வேண்டும். குழாயில் இரத்தம் உறைந்ததைக் கண்டு சில மணித்தியாலத்துள் மீண்டும் திறந்தால் மடல் பிழைக்கும். விடியட்டும் என்று விட்டால் விடியுமுன் இறந்துவிடும். நிபுணரின் பெயரைப் புகழும் நாம், அந்த இரவுத் தாதியின் எண்ணிக்கை போதுமா என்று கேட்கப் பழகவேண்டும்.

மற்றொன்றையும் கேட்கிறோம். காலை வெட்டுவதா, காப்பதா என்ற கேள்விக்கு நோயாளி சில மணித்தியாலத்துள் விடை சொல்லவேண்டியவனாகிறான். அந்த விளக்கம் அவன் சொந்த மொழியில், அவனுக்கு விளங்கும் சொல்லில் அமைதல் வேண்டும். சத்திரசிகிச்சையைத் தமிழிற் சொல்ல முடியாது என்பார்க்கு மானிப்பாயே மறுமொழி. 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், நம் இளைஞர்க்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, “இரண வைத்தியம்” என்னும் நூலை 1867ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளியிட்டார். அன்றைக்கு இயன்றது இன்றைக்கு இயலாதா? கையொப்பம் வாங்கும் தாளிலே நோயாளிக்குத் தெரியாத மொழி இருக்குமாயின், அது சம்மதம் ஆகாது.

அரசினரையும் வைத்தியரையும் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. நம் வீட்டிலும் செய்யவேண்டியன உள. காயத்தின்மேற் சாம்பலும் கோப்பித் தூளும் மஞ்சளும் அப்பும் பழக்கத்தை விடுக. இரத்தம் பெருகினாற் சுத்தமான துணியால் இறுக அழுத்திப் பிடிக்க. முறிந்த காலைப் பலகையோ தடியோ வைத்து அசையாமற் கட்டுக. விரலோ கையோ அறுந்து விழுந்தால் அதனை ஈரத் துணியிற் சுற்றி, நீர் புகாத பைக்குள் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டு செல்க. பனிக்கட்டி நேரே சதையிற் படலாகாது. ஒட்டகப்புலத்தானையும் முறிவு நெரிவு பார்ப்பவரையும் தேடி ஒரு பகல் அலைந்துவிட்டு, மாலையில் வைத்தியசாலை வாசலை மிதிப்பது அறிவுடைமையன்று. தோல் உரியாத முறிவுக்கு அவர்களின் கை உதவலாம். என்பு வெளியே தெரியும் முறிவுக்கு வேண்டியது சத்திரசிகிச்சைக் கூடமே.

புகையிலை விளைவிக்கும் தோட்டக்காரருக்கு ஒரு சொல். புகையிலையின் நஞ்சு நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வது. மடல் நட்டவன் சுருட்டைப் பற்றவைப்பானாயின், வைத்தியர் நுணுக்குக்காட்டியின் கீழ்த் திறந்துவிட்ட வாய்க்காலைத் தன் கையாலேயே தூர்ப்பவனாகிறான். விளைவிப்பதும் விற்பதும் வயிற்றுப்பாடு. காயம் ஆறுமட்டும் அதனை வாயில் வையாதிருப்பது தன்பாடு.

மூன்று நாள் என்பது நீண்ட காலம் அன்று. ஆனால் மூன்று நாளுள் என்ன செய்வது என்பதை விபத்து நேர்ந்தபின் யோசித்தல் இயலாது. முன்னரே ஒழுங்கு செய்திருத்தல் வேண்டும். மழை வந்தபின் வாய்க்கால் வெட்டும் கமக்காரன் எவனும் இல்லை. உங்கள் ஊரிலே நாளை ஒருவன் கால் நசுங்கினால் அவனை எங்கே, எந்த வாகனத்தில், எத்தனை மணித்தியாலத்துள் கொண்டு செல்வது? கிராம முன்னேற்றச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் அடுத்த கூட்டத்திலே இக்கேள்வியை எழுப்பி, மாவட்ட வைத்தியசாலையிடம் எழுத்தில் விடை கேட்கட்டும். விடை வந்தால் அதனை ஊர் மதகிலும் வாசிகசாலையிலும் ஒட்டுக. விடை வராவிட்டால் மீண்டும் கேட்க.